பக்கத்தில் யார் படுப்பாங்க?

ஜஹபர் நிஷாவுக்குச் சர்க்கரை கிடையாது. கொழுப்பும் அளவோடுதான். உடம்பில் சதை அதிகமில்லாத ஒருத்திக்கு ஐம்பத்தொரு வயதில் இதய ரத்தக்குழாய் எப்படி முக்கால்வாசி அடைத்துக்கொள்ளும் என்று அவள் புருஷன் அன்வருதீனுக்கு விளங்கவே இல்லை. நெல்லித்தோப்பில் பைகள் விற்கும் கடை வைத்திருப்பவர் அவர். மாடி ஏறும்போது அவளுக்கு நெஞ்சை அழுத்துகிறது என்று கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மூன்றாம் நாள் அடைத்த குழாயை விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள்.

மறுநாள் டாக்டர் சுடர்விழி வந்து கேட்டார். "தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு நர்ஸ் எழுதியிருக்காங்க. வீட்லயும் அப்படித்தானா? பக்கத்துல யார் படுப்பாங்க?"

மகள் சானியாதான் சொன்னாள். "யாரும் இல்ல டாக்டர். அம்மா பின்கட்டு ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு தனியாதான் தூங்குவாங்க. பன்னண்டு வருஷமா."

"ஏன்?"

நிஷா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காரணம் அன்வருதீனுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய தங்கை மகள் நிக்காஹுக்கு விழுப்புரம் போயிருந்தார்கள். பெண்களெல்லாம் ஒரே ஹாலில் படுத்தார்கள். காலையில் யாரோ நிஷாவின் குறட்டையைக் கிண்டல் செய்ய, பசியாறிக்கொண்டிருந்த இவர் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு ராத்திரிக்கே இப்படிச் சொல்றீங்களே, நான் வருஷக்கணக்கா மாவு மில்லுக்குள்ள குடும்பம் நடத்துறேன்!" என்றார். வீடே சிரித்தது. நிஷாவும் சிரித்தாள். ஊர் திரும்பிய அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். அவருக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. காலையில் தலைவலி என்பாள். குர்ஆன் ஓதிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். வேலை அலுப்பு என்று விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் தூக்கப் பரிசோதனை நடந்தது. மணிக்கு முப்பத்தெட்டு தடவை மூச்சு நிற்கிறது என்று வந்தது.

"இதனாலதான் அடைப்பா டாக்டர்?" என்று கேட்டார் அன்வருதீன்.

"இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. காரணம் பல இருக்கும். ஆனா மூச்சு நிக்கிறப்பல்லாம் ரத்தத்துல ஆக்சிஜன் இறங்குது, அப்புறம் ஏறுது. ராத்திரி பூரா இதே கதை. உடம்பு இதை அடிபட்ட மாதிரி எடுத்துக்கும். ரத்தக்குழாய் உள்சுவர்ல அழற்சி வரும். அப்படிப் புண்பட்ட சுவர்ல கொழுப்பு சுலபமா படியும். வருஷக்கணக்கா நடந்தா அடைப்புக்கு இதுவும் ஒரு காரணமா ஆகலாம்."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

"முன்னாடியே வைத்தியம் பாத்திருக்கலாம். கூடப் படுக்கிறவங்கதான் இதை முதல்ல கவனிப்பாங்க."

திரும்பும் வழியில் ஆட்டோவில் அவர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "நிஷா, அன்னிக்கு நான் பேசினது..."

"அது அத்தனை பேர் முன்னாடி பேசினது. இதை ஆட்டோல சொல்றீங்க."

அன்று சாயங்காலம் அவர் கூடத்தில் நின்றபடி விழுப்புரத்துக்குப் போன் போட்டார். தங்கையிடம் சத்தமாகவே சொன்னார். "அன்னிக்கு நாம சிரிச்சோமே, அது வியாதிம்மா. நான்தான் பேசக்கூடாததைப் பேசிட்டேன். அங்க எல்லார்கிட்டயும் சொல்லிடு." அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் சற்று நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

தூக்கத்தில் மூச்சு நிற்காமலிருக்க டாக்டர் எழுதிக்கொடுத்த, மூக்கில் மாட்டிக்கொள்ளும் காற்று மிஷினைச் சானியா வாங்கி வந்தாள். முதல் நாள் நிஷா அதைக் கழற்றி வீசிவிட்டாள். "இதை மாட்டிக்கிட்டா எனக்கு என்ன பேர் வைப்பீங்க?" என்று புருஷனைக் கேட்டாள். அவர் தலையணையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். போகச் சொன்னாள். போகவில்லை, நிலைப்படி ஓரமாகவே படுத்துக்கொண்டார். நாலாவது நாள் அவளாகவே மாட்டிக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது டாக்டருக்குத் திருப்திதான். ஆனாலும் சொன்னார். "மிஷின் போட்டா இருக்கிற அடைப்பு கரையாதுங்க. இன்னொரு குழாய்லயும் பாதி அடைப்பு இருக்கு. மாத்திரைய நிறுத்தக் கூடாது. பார்த்துக்கிட்டே இருக்கணும்."

அந்தப் பாதி அடைப்பு அன்வருதீனின் மனதை விட்டு இறங்கவில்லை. கடையில் பை எடுத்துக் காட்டும்போதும் அதே நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிஷா மிஷினோடு படுத்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிஷா கண்ணைத் திறந்தாள். "இப்படி முழிச்சுப் பாத்துக்கிட்டிருந்தா நான் எப்படிங்க தூங்குறது? அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க."

அவர் திரும்பிப் படுத்தார். காது மட்டும் அவள் பக்கமே இருந்தது.