மகாராணியின் வாய்க்கம்பி

எனக்குச் சந்தேக புத்தி என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். குதிரை வைத்துப் பிழைப்பவளுக்கு அது இல்லாவிட்டால் கண்டவனும் நொண்டிக் குதிரையைத் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவான். மகாராணியை வாங்கும்போது பல்லைப் பார்த்தேன், குளம்பைத் தூக்கிப் பார்த்தேன், விற்றவன் முகத்தை அதைவிட அதிக நேரம் பார்த்தேன்.

பள்ளிக்கூடம் போகும் என் மகளுக்காக வாங்கிய பெட்டைக் குதிரை அது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டவள் பிறகு வீட்டுப் பக்கமே வருவதில்லை. கடிவாளத்தில் குதிரையின் வாய்க்குள் போகும் கம்பியை நானே தேர்ந்தெடுத்தேன். மெல்லிய கம்பி நாக்கை அறுக்கும், தடித்த கம்பி மெத்தென்று உட்காரும் என்பது குதிரைக்காரர்களின் பாலபாடம். வாயின் அகலத்தை நூல் பிடித்து அளந்து, கடையில் இருந்ததிலேயே தடித்ததை வாங்கி மாட்டினேன். மகளுக்குச் செருப்பு வாங்கும்போதுகூட நான் அப்படி அலசியதில்லை.

ஆனால் மாலையில் நான் கடிவாளம் மாட்டி மகளை ஏற்றிவிட்டால் போதும், மகாராணி தலையை உதறுவாள், வாயைப் பிளப்பாள், பிடிக்கு அடங்காமல் ஓடுவாள். ஒருநாள் மகளைக் கீழே தள்ளினாள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, வேலியையும் உடைத்துவிட்டு நின்றாள். இந்த மாதக் கடைசிக்குள் அடங்கவில்லை என்றால் விற்றுவிடுவோம் என்று என் கணவர் சொல்லிவிட்டார். மகள் அன்று சாப்பிடாமல் படுத்தாள்.

லாயத்தில் காலை வேலையும் மதியத் தீனியும் என் கொழுந்தன் பொறுப்பு. மகள் பள்ளிக்குப் போகுமுன் ஒரு சுற்று ஓட்டும்போது மகாராணி பூனைக்குட்டி மாதிரி இருக்கிறாள் என்று அவன் சொன்னான். அதுதான் எனக்கு உறுத்தியது. காலையில் பூனை, மாலையில் புலி. நடுவில் தீனி வைப்பவன் யார்? அவன்தானே.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. மகாராணியின் வாயைத் திறந்து போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான், என்னைக் கண்டதும் போனைப் பைக்குள் போட்டான். பளபளக்கும் ஷூ போட்ட ஒருவர் வந்து மகாராணியையே பார்த்துக்கொண்டு நின்றார். மாலையில் வெறியேற்றி விற்க வைத்து, தரகு அடிக்கப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினேன். கணவரிடம் சொன்னால், தன் தம்பி எறும்புக்குக்கூடத் துரோகம் நினைக்கமாட்டான் என்றார். எறும்பை யாரும் விலைக்குக் கேட்பதில்லை என்றேன்.

மதியத் தீனியை நானே வைத்துப் பார்த்தேன். மாலையில் அதே உதறல்தான். அப்படியானால் காலையில்தான் எதையோ கொடுத்து மயக்கி வைக்கிறான். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று விடிந்தும் விடியாமலும் போய் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மூக்கில் தூசி ஏறித் தும்மலை அடக்கிக்கொண்டிருந்தேன்.

கொழுந்தன் தூரத்தில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தான். வந்தது என் மகள். புத்தகப் பையிலிருந்து பழைய காலுறை ஒன்றை எடுத்தாள். அதற்குள் மெல்லிய வாய்க்கம்பி ஒன்று இருந்தது. வாரை அவிழ்த்து என் தடித்த கம்பியைக் கழற்றிவிட்டு அதை மாட்டினாள். மகாராணி தானாகவே வாயைத் திறந்து கொடுத்தாள்.

நான் எழுந்து நின்றேன். "யாரு சொல்லிக் குடுத்தா? சித்தப்பாவா?"

மகள் திடுக்கிட்டாள். ஆனால் ஓடவில்லை.

"நீ கம்பி மாட்டின அன்னைக்கும் இதேதாம்மா கேட்ட. கம்பி தடிமனா இருக்கு, அவளுக்கு வலிக்குதுன்னு சொன்னேன். வலிக்குதான்னு நீ பாக்கல. யாரு சொல்லிக் குடுத்தான்னுதான் கேட்ட."

மகாராணியின் உதட்டை விலக்கிப் பார்த்தேன். பல்லைப் பார்த்த நான் நாக்கைப் பார்க்காமல் விட்டிருந்தேன். பருத்த நாக்கு, தாழ்ந்த மேலண்ணம். இரண்டுக்கும் நடுவே விரல் வைக்கவே இடமில்லை. அண்ணத்தில் நீளமாகக் கன்றிப்போயிருந்தது. மெத்தென்று இருக்கும் என்று நான் வாங்கியது இத்தனை நாளும் அவள் வாயை நசுக்கிக்கொண்டிருந்தது.

படம் கால்நடை டாக்டருக்கு அனுப்பத்தான், சித்தப்பாவிடம் கெஞ்சிப் படம் எடுக்கவும் மெல்லிய கம்பி வாங்கவும் வைத்தது தான்தான் என்றாள் மகள். ஷூக்காரர் மகனைக் குதிரையேற்றப் பயிற்சியில் சேர்க்க வந்தவராம். தினமும் ஓட்டி முடித்ததும் என் கம்பியையே திரும்ப மாட்டி வைத்தவள், மாதக் கடைசி நாள் மாலையில் மட்டும் எனக்குத் தெரியாமல் கம்பியை மாற்றி, மகாராணி அடங்கிவிட்டாள் என்று அப்பாவுக்குக் காட்டத் திட்டம் போட்டிருந்தாள்.

"சித்தப்பாவாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அவருக்கும் உன்கிட்ட பயம்மா."

அன்று மாலை மெல்லிய கம்பியோடு மகாராணி களத்தைச் சுற்றி வந்தாள். தலை ஆடவில்லை. இனி இவளை விற்கும் பேச்சே வேண்டாம் என்றார் கணவர். மகள் குதித்து இறங்கினாள். நான் கைகளை விரித்தேன். அவள் என்னைத் தாண்டி ஓடி, வேலியோரம் நின்ற சித்தப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.

என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள மனம் துடித்தது. கேட்கவில்லை. கேட்டாலும் என்னிடம் சொல்லமாட்டாள்.