லிஃப்ட் மெக்கானிக்கின் சிரிப்பு

லிஃப்ட் மெக்கானிக் தன் வீட்டில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது, கோபப்படக் கூடாது, சும்மாவும் இருக்கக் கூடாது. எதைச் செய்தாலும் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மாத்திரை போட்டீங்களா?" என்பாள்.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் மனுஷன் நான்கு நாள் பொட்டுத் தூக்கமில்லாமல், வாய் ஓயாமல் பேசி, காற்று வரவில்லையென்று வீட்டுக் கதவுகளையெல்லாம் கழற்றி மாடிப்படியில் அடுக்கியவர். குளியலறைக் கதவு உட்பட. அவ்வளவையும் சிரித்துக்கொண்டேதான் செய்தார். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்த பிறகுதான் கதவுகள் அதனதன் இடத்துக்குப் போயின.

ஆனால் குழாய் ஒழுகுகிறது என்று அவர் கத்தினால் யாரும் குழாயைப் பார்ப்பதில்லை, அவரைத்தான் பார்ப்பார்கள். மச்சினன் சொன்ன ஜோக்குக்கு வீடே விழுந்து விழுந்து சிரித்தது. மாத்திரைக் கேள்வி அவருக்கு மட்டும் வந்தது. என் சந்தோஷம்கூட மாத்திரை போட்ட பிச்சையா என்று அவருக்கு மனம் வெந்துபோனது.

அன்றைக்கே மாத்திரையைக் கைகழுவும் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். "போட்டாச்சு" என்றார். அவள் நிம்மதியாகப் போய்விட்டாள். மறுநாளும் அப்படியே. அவளுக்கு அந்தச் சொல்லே போதுமாக இருந்தது. பத்து நாளில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. தூக்கம் மட்டும் குறைந்தது. அதையும் நல்லதுக்கென்றே எடுத்துக்கொண்டார்.

பதினோராம் நாள் ஒன்பது மாடிக் கட்டடத்தில் வேலை. லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறினால், முதலில் கூண்டை நகரவிடாத சிவப்பு ஸ்டாப் பொத்தானை அமுக்க வேண்டும். அப்புறம்தான் கை வேறெங்கும் போகலாம். புது ஆட்களிடம் அவர் இருபது வருடமாகத் தொண்டை கிழியக் கத்துவது இதைத்தான். அன்று ஏறியதும் நேராக கிரீஸை எடுத்தார், சீட்டியடித்தார். மேல்மாடியில் யாரோ லிஃப்டைக் கூப்பிட, கூண்டு அவரைச் சுமந்துகொண்டு கிளம்பியது. பாய்ந்து பொத்தானை அமுக்கினார். தலைக்கும் லிஃப்ட் குழியின் உச்சிக் கூரைக்கும் ஒரு முழம்தான் இருந்தது.

பயம் வரவில்லை, சிரிப்பு வந்தது. அது கதவு கழற்றிய நாளின் சிரிப்பு என்று தெரிந்ததும்தான் அவருக்குப் பயமே வந்தது.

வேலையைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்தார்.

"பத்து நாளா மாத்திரை போடல. உன்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க?"

"நான் சிரிச்சா நீ மாத்திரையைத்தான் விசாரிக்கிற. என்னை யாரு விசாரிக்கிறா?"

"எனக்குப் பயமா இருக்குங்க."

"எனக்கும்தான்" என்றார். இருவருமாக டாக்டரிடம் போனார்கள். மூன்று வாரம் லீவு, மறுபடியும் மாத்திரை, மறுபடியும் தூக்கம்.

வேலைக்குத் திரும்பிய அன்று மாலை, வீட்டுக்குக் கொண்டுவந்த புகார்த் தாளைப் படித்தவர் வெடித்துச் சிரித்தார். மனைவி எட்டிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எதுக்குச் சிரிச்சீங்க?"

"லிஃப்ட் ரொம்ப மெதுவாப் போகுதாம். புகார் எழுதினவன் இருக்கிறது தரைத்தளத்துல."

"இதுக்கா?" என்று முகத்தைச் சுளித்துவிட்டு அவள் எழுந்து போனாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.