சாப்பாட்டுக்கு எத்தனை பேர்?

ராணுவத்தில் முப்பது வருடம் சமையல்காரனாக இருந்தவன் நான். ஒரே ஒரு வெங்காயத்தை வைத்து எண்ணூறு பேருக்கு சூப் போட்டிருக்கிறேன்; எண்ணூறு பேரும் கண்கலங்கக் குடித்தார்கள். இதை நம்பாதவர்கள் எங்கள் தீவில் அதிகம். அதுதான் பின்னால் என் கழுத்தை அறுத்தது.

தீவில் முன்னாள் படைவீரர்கள் பதினோரு பேர். ஆஸ்பத்திரி அக்கரையில், நடுவே மூன்று மணி நேரக் கடல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் படகு வரும். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, தபால் ஆபீஸின் பின்னறையில் மாட்டிய திரையில் டாக்டர் வருவார். ஆளுக்கு நான்கு நிமிடம். டாக்டர் ஒரு பெண். நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். மேலே இருப்பவர் யாரானாலும் எங்களுக்கு சார்தான்.

"எப்படி இருக்கீங்க?" என்று அவர் கேட்பார். கேட்டதும் எங்கள் ஆள் எழுந்து விறைத்து நின்று, "நல்லா இருக்கேன் சார்!" என்று கத்துவான். எழுந்து நின்றால் திரையில் இடுப்பு மட்டும்தான் தெரியும். ஒரு வருடமாக அந்த அம்மா எங்கள் பெல்ட்டுகளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

ராணுவத்தில் வலிக்கிறது என்று சொல்பவனுக்கு ஒரே பெயர், நடிக்கிறவன். அந்தப் பெயர் யாருக்கும் வேண்டாம். பாதி நுரையீரலோடு இருந்தவனும் நல்லா இருக்கேன் என்றான். சுவரைப் பார்த்து சல்யூட் வைத்தவனும், கண் தெரியவில்லை என்று சொல்லாமல், நல்லா இருக்கேன் என்றான்.

நான் மட்டும் சொல்வேன். என் சிறுநீரகக் கல்லைத் தபாலம்மா காகிதம் பறக்காமல் இருக்க மேசைமேல் வைத்திருக்கிறார் என்றேன். என் ரத்த அழுத்தத்தை அளக்கப்போய் மெஷின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது என்றேன். டாக்டர் சிரிப்பார். சிரித்துக்கொண்டே ஏதோ எழுதிக்கொள்வார்.

ஒரு மாதம் அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. தீவில் உள்ள முன்னாள் படைவீரர்கள் அனைவரும் பூரண நலத்துடன் இருப்பது பதிவேடுகளிலிருந்து தெரிகிறதாம். ஆகவே வரும் செவ்வாயோடு திரையும் இல்லை, படகும் இல்லை.

அந்தச் செவ்வாய் காலை ஏழு மணிக்கு என் தங்கை வந்து நின்றாள். அவள் வீட்டுக்காரர் எங்கள் சார்ஜன்ட். வீட்டுக்குள் எனக்கு மாப்பிள்ளை, வாசலைத் தாண்டினால் சார்.

"அண்ணே, அவரு இடது கால் பூட்ஸைக் கழட்டி பத்து நாளாச்சு."

"பாலிஷ் நல்லா ஏறட்டும்னு விட்டிருப்பாரு."

"விளையாடாதண்ணே. நாத்தம் அடிக்குது." அவள் உட்காரவில்லை. "நேத்து உக்காந்தபடியே கண் அசந்தாரு. மெதுவா கழட்டிப் பாத்தேன். ரெண்டு விரல் கரிக்கட்டையா இருக்கு. முழிச்சிக்கிட்டு, யாருகிட்டயாவது சொன்னே, நான் கடல்ல எறங்கிடுவேன்னாரு. சொன்னா செய்யற மனுஷன்ண்ணே."

சர்க்கரை உடம்பு. அதில் பழைய குண்டுச் சிதறல் வேறு. என் வாயில் ஒரு நகைச்சுவையும் வரவில்லை.

போக வழி இல்லை. பயணிகள் படகின் எஞ்சினைப் பிரித்துப் போட்டு எட்டு நாள். தீவின் ஒரே நர்ஸம்மா லீவில் அக்கரைக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டார். கடல் கொந்தளிப்பு என்று சிவப்புக் கொடி ஏற்றியிருந்ததால் மீன்பிடிப் படகுகளும் கரையில் கிடந்தன. அக்கரையில் மீட்புப் படகு ஒன்று உண்டு. ஆனால் டாக்டர் உத்தரவு போட்டால்தான் அது கிளம்பும்.

"ரெண்டு விரலோட நிக்காதுண்ணே. மேல ஏறுதுண்ணே," என்றாள் தங்கை.

பத்து மணிக்குப் பதினோரு பேரும் பின்னறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சார்ஜன்ட் முதல் ஆள். பூட்ஸ் பளபளவென்று இருந்தது. அறையில் ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார். கேட்டதற்குக் கொசு என்றார். தங்கை வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்படி இருக்கீங்க?" என்றார் டாக்டர்.

சார்ஜன்ட் எழுந்தார். எழும்போது அவர் தாடை இறுகியதை நான் பார்த்தேன். "நல்லா இருக்கேன் சார்!"

"டாக்டர், அவருக்குக் கால் அழுகுது," என்று நான் குறுக்கே போய் நின்றேன். "விரல் கறுத்துப்போச்சு. இன்னிக்கே படகு அனுப்புங்க."

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். "நீங்கதானே போன மாசம் சுறாவைக் கடிச்சதா சொன்னவர்?"

"அது பொய் டாக்டர். இது நிஜம்."

"உங்க ஃபைல்ல கற்பனை அதிகம்னு நானே எழுதியிருக்கேன்."

"டேய் கரண்டி," என்று என் ராணுவப் பட்டப்பெயரைச் சொல்லிப் பல்லைக் கடித்தார் சார்ஜன்ட். "போய் உக்காரு. அவன் அளக்கிறான் சார். எனக்கு ஒண்ணும் இல்ல."

"நெஜந்தாம்மா!" என்று ஜன்னலிலிருந்து தங்கை அலறினாள்.

டாக்டரின் சிரிப்பு நின்றது. "சரி, பூட்ஸைக் கழட்டிக் காட்டுங்க."

"தேவையில்ல சார்."

"நீங்க காட்டாம, சொல்லாம, நான் மீட்புப் படகைக் கூப்பிட முடியாது. வலி இருக்கா இல்லையா?"

"இல்ல சார்."

திரையின் ஓரத்தில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை நிமிடம் பாக்கி. வரிசையில் இருந்த ஒன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர் ஏன் சொல்லமாட்டார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மலை முகாமில் ஒரு சிப்பாய், கால் வலிக்குது சார், நடக்க முடியல என்றான். நடிக்காதே என்று சொல்லி இவர் நடக்க வைத்தார். சாயங்காலம் அவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அன்று அவனுக்கு என்று எடுத்து வைத்த தட்டை நான்தான் கழுவினேன். அதற்கப்புறம் சார்ஜன்ட் படுத்துத் தூங்கி யாரும் பார்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று தங்கை சொல்வாள்.

எனக்குத் தெரிந்த கதைகள் எதுவும் அந்த ஒன்றரை நிமிடத்தில் உதவவில்லை. தெரிந்த வேலை ஒன்றுதான் இருந்தது. முகாமில் தினமும் விடிந்ததும் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் சார்ஜன்ட் முன் போய் நிற்பேன், ஒரே கேள்வி கேட்பேன். அதற்கு மட்டும் அவர் ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. தப்பாகச் சொன்னால் எவனாவது பட்டினி கிடப்பான்.

அவர் முன்னால் போய், முதுகு எவ்வளவு நிமிருமோ அவ்வளவு நிமிர்ந்து நின்றேன்.

"சார், இன்னிக்கு சாப்பாட்டுக்கு எத்தனை பேர்?"

"என்னடா?"

"உங்க பிரிவுல பத்து பேர் சார்." அவர் பூட்ஸைப் பார்த்தேன். "வலப்பக்கம் அஞ்சு, இடப்பக்கம் அஞ்சு. அடுப்பைப் பத்த வைக்கணும். எத்தனை பேர்?"

சார்ஜன்ட் என் முகத்தையே பார்த்தார். அறையப் போகிறார் என்று நினைத்தேன்.

"மொத்தம் பத்து," என்றார். குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "வலப்பக்கம் அஞ்சு பேர், சுகம்."

"இடப்பக்கம் சார்?"

"ரெண்டு பேர்... போயிட்டாங்க. பத்து நாளாச்சு. மூணாவது ஆள் நேத்து விழுந்துட்டான். மத்த ரெண்டு பேரும் நிக்கிறானுங்க, ஆனா ரொம்ப நேரம் தாங்கமாட்டானுங்க."

"வேற யாராவது வரலையா சார்?"

"தூக்கம்." அவர் கதவைப் பார்த்தார். "அந்தப் பையன் போன அன்னிக்கு முகாமை விட்டு ஓடினவன். இன்னும் திரும்பல. எவ்வளவோ தேடிட்டேன்டா கரண்டி."

அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்தார். முதல்முறையாக அவர் முகம் திரையில் முழுசாகத் தெரிந்தது. நான் மண்டியிட்டுப் பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தேன். உரிக்க உரிக்க நாற்றம் ஊதுபத்தியை விழுங்கிவிட்டது. தபாலம்மா வாசலுக்கு ஓடினார். டாக்டர் திரைக்கு வெளியே திரும்பி யாரிடமோ, "படகு, இப்பவே," என்று கத்தியது கேட்டது.

மூன்று மணி நேரக் கடல் அன்று ஐந்து மணி நேரம் எடுத்தது. படகு வருவதற்குள் காய்ச்சல் ஏறி அவர் உளறத் தொடங்கிவிட்டார். துணைக்கு ஒருவருக்குத்தான் இடம் என்றார்கள், தங்கை ஏறினாள்.

"அண்ணே, பொழைச்சுக்குவாராண்ணே?"

"அவரா? குண்டையே மென்னு துப்பின ஆளு."

"உண்மையைச் சொல்லுண்ணே."

எனக்கு உண்மை தெரியவில்லை. அவர் இடது பூட்ஸ் என் கையில் இருந்தது. படகு மறையும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

பெஞ்சில் மிச்சமிருந்த ஒன்பது பேரையும் அன்று டாக்டர் விடவில்லை. நான்கு நிமிடக் கணக்கையும் தூக்கி எறிந்தார். "நீங்களே கேளுங்க," என்றார் என்னிடம். ஒவ்வொருவன் முன்னாலும் போய் நின்று சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று கேட்டேன். நுரையீரல் ஒருத்தன்தான் வந்திருக்கான் என்றான் ஒருவன். ரெண்டு கண்ணும் லீவுல போயிருக்கு என்றான் இன்னொருவன். சாயங்காலத்துக்குள், எங்கள் தீவில் ஒருவன்கூட நலமாக இல்லை என்ற தகவல் அரசாங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. திரையும் மருத்துவப் படகும் நிறுத்தப்படவில்லை. இப்போதைக்கு, என்று அடுத்த கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

சார்ஜன்ட்டைப் பற்றிப் பத்தொன்பது நாள் ஒரு சேதியும் இல்லை. பூட்ஸுக்குத் தினமும் பாலிஷ் போட்டேன். இருபதாம் நாள் தபாலம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். திரையில் ஆஸ்பத்திரிக் கட்டில் தெரிந்தது. அதில் பாதி ஆளாக வற்றிப்போய் அவர் சாய்ந்திருந்தார். போர்வை இடது பக்கம் மட்டும் முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றேன்.

"கேளுடா," என்றார்.

"சாப்பாட்டுக்கு எத்தனை பேர் சார்?"

"அஞ்சு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நேத்து தூக்கம் வந்தான். ரெண்டு மணி நேரம் இருந்துட்டு மறுபடி ஓடிட்டான்."

"அவனுக்கும் சேர்த்துப் போடட்டுமா சார்?"

அவர் போர்வையின் தட்டையான பக்கத்தைப் பார்த்தார்.

"போடு," என்றார். "ஒருவேளை வந்தாலும் வருவான்."