எண்ணெய்த் துணி

பனிச்சங்கேணிப் பாலத்து இறக்கத்தில் என் கணவர் டிலக்சன் பிறேக்கைப் பிடித்தார். சைக்கிள் நிற்கவில்லை. கீழே தெருவை மறித்தபடி எருமைகள்.

"பிடிங்க!" பின் கரியரில் இருந்து கத்தினேன்.

"பிடிச்சுக்கொண்டுதான் இருக்கன்!"

புதுப் பிறேக் கட்டைகளைக் காலையில் நான்தான் பூட்டினேன். சைக்கிளை ஓடி ஓடிப் பிறேக்கைப் பிடித்து, ரிம்மில் நன்றாகப் பதிய வைத்துத்தான் விட்டேன்.

இரண்டு காலையும் தாரில் தேய்த்தேன். ஒரு செருப்பு அறுந்து பறந்தது. கடைசி எருமையின் வாலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றோம்.

"நீ பூட்டின கட்டை சரியில்ல, புள்ள."

குனிந்து ரிம்மைத் தொட்டேன். விரல் வழுக்கியது. தேங்காய் எண்ணெய்.

"உப்புக் காத்துக்குத் துருப்பிடிக்குமெண்டு, நீ உடுத்து வெளிக்கிடக்குள்ள எண்ணெய்த் துணியால துடைச்சன்," என்றார் பெருமையாக. "ரிம்முக்குத்தான் கூடுதலாப் பூசினன்."

அறுந்த செருப்பைப் போய் எடுத்தேன். காலில் போடுவதற்கு அல்ல.