முகத்தைத் திருப்பி ஊட்டிய கஞ்சி

மாதனூர் முதியோர் இல்லத்துக்குள் மெட்ராஸ் ஐ நுழைந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எண்பத்தொன்றாம் வருஷம் அது. ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்புகளில் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. இல்லத்தின் ஐந்து பணிப்பெண்களில் மூன்று பேர் முதலிலேயே கண் சிவந்து வீட்டுக்குப் போனார்கள். திங்கட்கிழமை சாவித்திரியும் போனாள். இருபத்திரண்டு பேரைப் பார்த்துக்கொள்ள அம்சவேணி ஒருத்திதான் மிச்சம்.

வார்டன் ராஜவேலு தன்னால் ஆனதைச் செய்தார். ஆளுக்கொரு துண்டு, மாறிப் போகாமலிருக்க ஒவ்வொன்றிலும் வேறு வேறு கலர் லுங்கித் துணியைத் தைக்கச் சொன்னார். தலையணை உறைகள் தினமும் வெந்நீரில் கொதித்தன. பார்க்க வரும் சொந்தக்காரர்கள் கேட்டோடு திரும்பினார்கள். பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்று யாரும் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது என்றும் உத்தரவு. பார்வையால் ஒட்டாது, கையாலும் துண்டாலும்தான் ஒட்டும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் அவரே கறுப்புக் கண்ணாடியோடு வந்ததால் யாரும் நம்பவில்லை.

சாவித்திரி போன நாளிலிருந்து, கண் சிவந்து கிடந்த கிழவி சவுரியம்மாள் சாப்பிடவில்லை. கை நடுங்குவதால் அவளுக்கு ஊட்டித்தான் விட வேண்டும். தோல் ஷாப்பில் தோலை உருட்டிப் பதப்படுத்தும் டிரம்களின் சத்தத்துக்கு நடுவே இருபது வருஷம் வேலை செய்து காது போனவள். கேட்காதவளிடம் என்ன பேசுவது என்று, அம்சவேணி சுவரைப் பார்த்தபடி ஸ்பூனை மட்டும் நீட்டினாள். உதடு திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலைக் கஞ்சியும் ஆறிப்போனது. தண்ணீர்கூட இறங்கவில்லை. இன்னும் ஒரு நாள் போனால் உடம்பு தாங்காது.

"இன்னா பேஜாரு இது!" அம்சவேணிக்கு அழுகை வந்தது. "வீம்பு பண்ண இதான் நேரமா?"

"வீம்பு அவளுக்கா உனக்கா?" என்றாள் பக்கத்துக் கட்டில் அக்தரி பேகம். "சுவத்துக்கு ஊட்டினா சுவரு சாப்டுமா?"

"நீங்க வேற, பீபி. சார் உத்தரவு. அவங்க கண்ணு ரத்தமா செவந்து கெடக்குது."

அப்போதுதான் சவுரியம்மாள் வாயைத் திறந்தாள். காது கேட்காதவர்களின் உரத்த குரல்.

"நான் இன்னா தப்பு பண்ணேன், அம்சா? மூஞ்சியத் திருப்பிக்கினு போடுறியே. சாவித்திரி எதுருல குந்திப் பேசுவா. அவ வாயப் பாத்துப் புரிஞ்சிக்குவேன். வேண்டாதவ கையால எனக்கு வேணாம்."

அம்சவேணியின் கையில் ஸ்பூன் நின்றது. எப்போதும் ஆண்கள் பக்கமே வேலை பார்த்தவளுக்கு இது தெரியாது. மூன்று நாளாகத் தான் ஊட்டியது அந்தக் கிழவிக்கு வெறுப்பாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பார்த்தால் ஒட்டும் என்று அவளும் நம்பினாள். நாளைக்குத் தானும் படுத்துவிட்டால் இருபத்திரண்டு பேருக்கும் யார்? கண்ணை மூடினாள். 'ஆண்டவனே, வர்றது வரட்டும். சாவித்திரி திரும்பி வர்ற வரைக்கும் மட்டும் தள்ளிப் போடு.'

ஸ்டூலைத் திருப்பிப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். வீங்கிச் சிவந்த அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள். உதட்டை நன்றாக அசைத்து, "கோவம் இல்ல, சவுரிம்மா. பயம். அவ்ளோதான்" என்றாள்.

கிழவி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பயமா? என்னப் பாத்தா?"

"உங்க கண்ணப் பாத்து."

"கண்ணாடி இருந்தா குடு, நானும் பயந்துக்கறேன்" என்றாள் சவுரியம்மாள். பிறகு வாயைத் திறந்தாள்.

மூன்றாவது ஸ்பூன் இறங்கும்போது ராஜவேலு வாசலில் வந்து நின்றார். "அம்சவேணி! நீயும் படுத்துட்டா நான் யாரைக் கூப்பிடுவேன்?"

"காது கேக்காதவங்க சார். மூஞ்சியப் பாத்தாத்தான் சாப்புடுறாங்க."

ராஜவேலு உள்ளே வந்தார். தூக்கமில்லாத முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆறிய கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து, "இரு, சூடு பண்ணிக் கொண்டாறேன்" என்று அவரே அடுப்படிக்கு நடந்தார்.

"உப்பும் போடச் சொல்லு," சவுரியம்மாளின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "மூணு நாளா மோந்து பாத்தேன், உப்பே கெடையாது!"

அக்தரி பேகம் சிரித்தாள். அம்சவேணி எழுந்து சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டாள். ஊட்ட இன்னும் ஆறு பேர் இருந்தார்கள்.