இருபத்தொன்பதாம் பிரிவு

மனுவின் மூன்றாவது பந்தியை ஆன்சலா நாலு தரம் திருத்தி எழுதிவிட்டாள். இன்னும் மனம் ஆறவில்லை. தகப்பன் விட்டுப்போன படகு அவள் பேரில் இருந்ததாலும், பள்ளிக்கூடத்தில் குடியியல் படிப்பிக்கிறவள் என்பதாலும், முல்லைத்தீவுக் கரையோரத்திலுள்ள அந்தச் சிறிய கிராமத்தின் மீனவர் சங்கம் அவளைச் செயலாளராக்கியிருந்தது. தலைவர் அவளுடைய அண்ணன் பேதுரு.

ஊரை ஒட்டிய கடலேரியான களப்பில் இறால் பிடிக்க, வெளியூரிலிருந்து பருவத்துக்கு வரும் சிங்களவரின் படகுகளுக்கு மீன்பிடித் திணைக்களத்தின் அனுமதி கிடைத்தது, தமிழரான ஊராருக்குக் கிடைக்கவில்லை. அதைக் கேட்டுத்தான் மனு. சுதந்திரம் கிடைத்தபோது நாட்டுக்கு இருந்த அரசியல் யாப்பின் இருபத்தொன்பதாம் பிரிவை அவள் அதில் சேர்த்திருந்தாள். மற்ற இனத்தவருக்கோ மதத்தவருக்கோ இல்லாத தடையை ஓர் இனத்தவர்மீது மட்டும் எந்தச் சட்டமும் போடக்கூடாது என்பது அதன் சாரம்.

"எழுபத்திரண்டில தூக்கி எறிஞ்ச சட்டத்தை ஏன் பிள்ளை இழுக்கிறாய்?" என்றார் பேதுரு.

"சட்டம்தான் போனது அண்ணை. இந்த நாட்டைத் தொடங்கேக்க தந்த வாக்கு அது. அவைக்கு நினைவுபடுத்த வேணும்."

ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கூட்டம் கூடியது. அவள் வாசித்து முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். பேதுரு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"இன்னொண்டு. தொண்ணூற்றைந்தில இருந்து ஊர்ப் பதிவில இருக்கிற குடும்பங்களுக்குத்தான் இனி அங்கத்துவம்."

ஒருவரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே பக்கீர் இருந்தார். இருபது வயதுவரை அதே களப்பில் வலை போட்டவர். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது புத்தளத்துக்குப் போய், மனைவி ஜொஹறாவோடு இரண்டு வருடத்துக்கு முன்தான் திரும்பியிருந்தார். களப்பில் தொழில் செய்யத் தேவையான அங்கத்துவத்தைக் கேட்டு விண்ணப்பித்திருந்தது அவர் ஒருவர்தான்.

ஆன்சலா கூட்டக் குறிப்பில் அந்த ஆண்டை எழுதினாள். போன கிழமைதான் பதினோராம் வகுப்பில் நாற்பத்தெட்டாம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் படிப்பித்திருந்தாள். அந்தச் சட்டம் மலையகத் தமிழரின் பெயரை எங்கேயும் சொல்லவில்லை. நாடற்றுப் போனவர்கள் அவர்கள்தான். இருபத்தொன்பதாம் பிரிவு அப்போதும் இருந்தது.

"தலைவர், அந்த ஆண்டை ஆர் தெரிவு செய்தது?" அண்ணை என்று கூப்பிட வாய் வரவில்லை.

"கமிற்றி. ஏன், அதில ஆற்ற பேரும் இல்லையே."

"பேர் சொல்லாமலே ஒராளைத் தடுக்கலாம்."

"களப்பு சின்னன் பிள்ளை. இருக்கிற எங்களுக்கே காணாது."

"திணைக்களமும் எங்களுக்கு இதைத்தானே சொல்லுது?"

அவள் மனுவை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "ரெண்டிலயும் கையெழுத்து வைக்க என்னால ஏலாது. இந்த விதி இருந்தால் மனு என்ர கையால போகாது."

பக்கீர் எழுந்தார். "ரீச்சர், எனக்காகச் சண்டை பிடிக்காதீங்கோ. நான் போறன்."

"உங்களுக்காக மட்டும் இல்லை. இருங்கோ."

அவர் இருந்தார். கூட்டம்தான் கலைந்தது.

மூன்று கிழமையாக அண்ணன் அவள் வீட்டுப் படலையைத் திறக்கவில்லை. அவளால் இறால் பருவமே போகப்போகிறது என்று சந்தையில் கதைத்தார்கள். அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. விடைத்தாள் திருத்தும்போது ஒரே பக்கத்தை மூன்று தரம் வாசித்தாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது.

அடுத்த கூட்டத்தில் அனிஸ்ரன் என்ற இளம் மீனவன் எழுந்து, தானோ பெற்றாரோ இந்தக் களப்பில் தொழில் செய்திருந்தால் போதும் என்று விதியை மாற்றக் கேட்டான். பத்தொன்பது கை ஆதரவாக, பதினாறு எதிராக. பேதுரு எதிராகத்தான் உயர்த்தினார். பிறகு முடிவை வாசித்து, பக்கீரின் விண்ணப்பத்தில் தலைவராகக் கையெழுத்தும் வைத்தார். தாளைத் தங்கையிடம் நீட்டாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவள் தனியாகப் பஸ் ஏறி முல்லைத்தீவுக்குப் போனாள். திணைக்களக் கந்தோரில் எழுதுவினைஞர் மூன்றாவது பந்தியில் சற்று நின்று, அவளை நிமிர்ந்து பார்த்து, திகதி முத்திரை குத்தினார்.

"பதில் வரும்."

"எப்ப?"

அவர் அடுத்த கோவையைத் திறந்தார். பருவம் முடிய இருபது நாள்தான் இருந்தது. கடைசி பஸ்ஸுக்கு நிறைய நேரம் கிடந்தது.

"பெரிய அதிகாரியைக் காணாமல் போகமாட்டன். நான் இருக்கிறன்," என்று சொல்லி, சுவரோரம் கிடந்த வாங்கில் போய் உட்கார்ந்தாள் ஆன்சலா.