பாதியில் நின்ற பட்டியல்

பன்னிரண்டு மணிக்கு வண்டி வரும். மாமனாரை முதியோர் இல்லத்துக்கு ஏற்றிப்போக நாத்தனார் ஏற்பாடு செய்த வண்டி. மருமகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளுக்குள் அப்பாடா என்றுதான் இருந்தது அவளுக்கு.

யார் அவளைக் குறை சொல்ல முடியும்? பக்கவாதத்தில் விழுந்தவரை ஆறு மாதமாகக் குளிப்பாட்டி, ஊட்டி, பிறகு பஸ் பிடித்து பார்சல் கம்பெனிக்குப் போய் எட்டு மணி நேரம் போனில் புகார் கேட்டு, திரும்பி வந்து மறுபடியும் துடைத்துவிட வேண்டும். புருஷன் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் நாலு நாள் ரோட்டில். நாத்தனாரோ பாசத்தையெல்லாம் போனிலேயே காட்டி முடித்துவிடுவாள். இது போதாதென்று கம்பெனி இப்போது ஸ்பானிஷ் பேசும் வாடிக்கையாளர்களைப் பிடித்திருந்தது. திங்கட்கிழமை தேர்வு. தேறாவிட்டால் வேலை இல்லை. புகார் என்றாலே நடந்து முடிந்த கதைதானே, அதனால் முதல் பாடமே இறந்தகாலம்.

"அப்பா ஒரு வார்த்தை பேசினாலாவது வச்சுப் பாத்துக்கலாம். டாக்டரே கைய விரிச்சுட்டாரு. நீயும் எத்தனை நாள்தான் முட்டிக்கிட்டு நிப்பே?" என்றாள் நாத்தனார். நியாயமாகத்தான் பட்டது.

மாமனார் வாய் மூடிக் கிடந்ததுதான் கொடுமை. முப்பது வருஷம் பஸ் நிலையத்தில் மைக் பிடித்து, எந்த வண்டி எந்தெந்த ஊர் வழியாகப் போகும் என்று மூச்சுவிடாமல் அறிவித்தவர். அவள் மளிகைப் பட்டியலைப் பாதியில் நிறுத்தினால்கூடப் பொறுக்கமாட்டார். "முழுசாச் சொல்லும்மா. பாதியில நிறுத்தினா ஜனங்க பாதியில இறங்கிடும்" என்பார்.

பதினொன்றரைக்குக் கடைசியாக ஒருமுறை ஓட்ஸ் கஞ்சி ஊட்ட உட்கார்ந்தாள். மடியில் புத்தகம். படிக்க வேறு நேரம் ஏது? ஒழுங்கான வினைகள் மட்டும் போதும் என்றிருந்தார்கள். ஒரு வினைக்கு வரும் விகுதிதான் நூறு வினைக்கும். ஒன்றரை மாதமாக இந்தக் கட்டில் ஓரத்தில்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"ஆப்லே, பேசினேன். ஆப்லாஸ்தே, பேசினாய். ஆப்லோ, பேசினான். ஆப்லாமோஸ்..."

கண் சொருகிவிட்டது. கரண்டி சாய்ந்து கஞ்சி புடவையில் கொட்டியதுகூடத் தெரியவில்லை.

"ஆப்லா...ரோன்."

விழித்தாள். அவள் விட்டுவிட்ட கடைசிச் சொல், மாமனார் வாயிலிருந்து. குழறல்தான். ஆனால் அந்த இழுவை பஸ் நிலையத்து இழுவை. நம்பாமல் 'கழுவு' என்ற வேறொரு வினையை எடுத்தாள். "லவே, லவாஸ்தே, லவோ, லவாமோஸ்..." என்று நிறுத்தினாள்.

"லவா...ரோன்."

வேறு யாருக்கும் கேட்கவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டால் இன்னும் கால்மணியில் வண்டி வரும், நாளை முழுக்கத் தூங்கலாம். அதை நினைக்கத்தான் செய்தாள், ஒளிப்பானேன். வாசலருகே அவள் கட்டி வைத்திருந்த தன் பையை மாமனார் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்தார்.

"இத்தனை நாள் எங்க மாமா வச்சிருந்தீங்க இந்த வாய? கிளம்புற நேரத்துலயா?" முதலில் வந்தது கோபம். அழுகை அப்புறம்தான்.

நாத்தனாரைப் போனில் கூப்பிட்டாள். "அண்ணி, வண்டி வேணாம். மாமா பேசுறாரு."

"அப்பாவா? என்ன சொன்னாரு? என்னைக் கேட்டாரா?"

"ஸ்பானிஷ்ல பேசினாரு."

"நீ சரியாத் தூங்கியே எத்தனை நாளாச்சு? வண்டி வரட்டும்மா. அப்புறம் நல்லாப் படுத்துத் தூங்கு."

போனை மாமனாரின் வாயருகே பிடித்தாள். "ஆப்லே, ஆப்லாஸ்தே, ஆப்லோ, ஆப்லாமோஸ்." நிறுத்தினாள். அவர் உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. கீழே வண்டியின் ஹாரன் கேட்டது. அவள் போனை இன்னும் நெருக்கிப் பிடித்தாள்.

"மு...ழுசாச்... சொல்லும்மா."

போனில் நாத்தனார் ஓவென்று அழுதாள். வண்டியைத் திருப்பிவிடச் சொன்னாள். நாளைக்கே வருகிறேன் என்றாள். நாளைக்கும் போனில்தான் வருவாள் என்று மருமகளுக்குத் தெரியும்.

பையைப் பிரித்து அவர் சட்டைகளை மறுபடி அலமாரியில் அடுக்கினாள். இடுப்பு விண்ணென்று வலித்தது. கஞ்சியைச் சூடு பண்ணிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "ஆப்லாரோன், பேசினார்கள்" என்று முடித்தாள். அவர் வாயைத் திறந்தார்.